செள்ளு ஏறிய வீடு

நம் வயதுக்காரர்களுக்குச் செள்ளு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கோழிக்கூண்டுக்குள் கையை விட்டு முட்டை எடுத்தவர்கள் நாம். கையை வெளியே எடுத்ததும் முழங்கை வரைக்கும் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயிலில் காட்டி உற்றுப் பார்த்தால்தான் மயிர்க்கால்களுக்கு நடுவே ஒரு புள்ளி ஓடும். பசியோடிருந்தால் சாம்பல் நிறம், குடித்திருந்தால் சிவப்பு. நகத்தால் நசுக்கினால் ஒரு பொட்டு ரத்தம். அது கோழியினுடையதா நம்முடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு முட்டை அட்டைத் தட்டில் முப்பது முப்பதாக வருகிறது.

போன கோடையில் சித்தூருக்குப் பக்கத்தில் என் நாத்தனார் மகன் வைத்திருக்கும் முட்டைக்கோழி ஷெட்டுக்குப் போயிருந்தேன். சும்மா போனதுதான். திருப்பதியில் தனியாக உட்கார்ந்து டிவி பார்த்து அலுத்துப்போயிருந்தது. நான் போன அன்றைக்கு ஒரு பெண் டாக்டர், கால்நடை டாக்டர், வந்திருந்தார். என் பேத்தி வயது இருக்கும். முதல் நாளே கம்பி இடுக்குகளில் அட்டையைச் சுருட்டிச் செருகி வைத்திருந்தார்களாம். காலையில் அதை உருவி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினார். சிவப்பும் சாம்பலுமாக நூற்றுக்கணக்கில் ஓடின.

"பகல்ல இது கோழி மேல இருக்காது, இடுக்குலதான் இருக்கும்" என்று நாத்தனார் மகனிடம் சொன்னார். "இருட்டினதும் வந்து குடிச்சிட்டுத் திரும்பிப் போயிடும். அதனால கோழிக்கு மட்டும் மருந்து போட்டா போகாது. கம்பி, கட்டை, சுவர் வெடிப்பு எல்லாத்துலயும் அடிக்கணும். அடிச்சிட்டு விட்டுடக் கூடாது. ஒரு வாரத்துல முட்டை பொரிஞ்சு புதுசு வந்திருக்கும், திரும்பவும் அடிக்கணும். ஷெட் காலியா கெடந்தாலும் மாசக்கணக்குல பட்டினி கெடக்கும். கோழி கெடைக்கலன்னா மனுஷனைக் கடிக்கும். உங்க வாட்ச்மேனுக்கு உடம்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்குதே, அது அம்மை இல்ல, இதான்."

நான் அங்கே கிடந்த தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் தலை சுற்றிவிட்டது என்று நினைத்து ஒரு பையன் தண்ணீர் கொண்டுவந்தான். வெயிலெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் ஐம்பத்தெட்டு வருடமாக ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லாத ஒரு வாக்கியத்தை அந்தப் பெண் பட்டப்பகலில், பத்து பேர் நடுவில், கையிலிருந்த தாளைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

அப்போது எனக்குப் பத்து வயது. புத்தூரிலிருந்து உள்ளே போகும் பாதையில் எங்கள் ஊர். வீட்டில் நைனா, அம்மா, நான், நைனாவின் தம்பி. அவரைச் சின்ன நைனா என்று கூப்பிடுவேன். சித்தூர் வெல்ல மண்டியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், வாரத்துக்கு ஒரு நாள் வருவார். கரும்பு, நிலக்கடலை, இரண்டு மாடு, கூண்டு நிறையக் கோழி. கோழிகள் என் பொறுப்பு. பொறுப்பு என்று சொல்வதைவிட ராஜ்ஜியம் என்று சொல்லலாம். எது எங்கே முட்டையிடும், எது எதைக் கொத்தும் என்று எல்லாம் எனக்குத்தான் தெரியும்.

கூண்டு பெரியது. உடைந்துபோன கட்டை வண்டியின் அடிப்பலகைகளைப் பிரித்து நைனாவே செய்தது. கீரிப்பிள்ளைத் தொல்லையும் திருட்டுத் தொல்லையும் இருந்ததால் கூடத்தை ஒட்டியிருந்த சின்ன அறைக்குள் சுவரோரமாக வைத்திருந்தோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காசு நுழைகிற அளவுக்குச் சந்து. அந்தச் சந்துகளில்தான் செள்ளு குடியிருந்தது.

அதை அடக்கி வைத்திருந்தவள் அம்மா. அமாவாசைக்கு அமாவாசை கூண்டை வெயிலில் இழுத்துப் போடுவாள். எச்சத்தைச் சுரண்டிக் குப்பைமேட்டில் கொட்டுவாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைச் சந்துகளில் ஊற்றுவாள். புகையிலைக் காம்பை ஊறவைத்த தண்ணீரைத் துடைப்பத்தால் தொட்டுத் தொட்டு அடிப்பாள். காய்ந்ததும் சுண்ணாம்பு. பிறகு அறைக்குள் நொச்சித் தழையைப் புகைய விட்டுக் கதவைச் சாத்துவாள். எட்டு நாள் கழித்து மறுபடியும் புகையிலைத் தண்ணீர். ஏன் எட்டு நாள் என்று கேட்டால், "அப்பதான் போவும்" என்பாள், அவ்வளவுதான். கொல்லையில் சாம்பலும் வசம்புத் தூளும் கலந்து ஒரு குழி. கோழிகள் அதில் புரண்டு எழுந்து உதறும்போது கொல்லை முழுக்க வசம்பு வாசனை அடிக்கும். அம்மா கையெழுத்துகூடப் போடத் தெரியாதவள். அந்தப் பெண் டாக்டர் சொன்னதில் முக்கால்வாசியை அவள் செய்துகொண்டுதான் இருந்தாள்.

அந்த வருடம் அது நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் பக்தி.

ஆவணியில் சின்ன நைனாவுக்குக் கல்யாணம் ஆகிச் சின்னம்மா வந்தாள். பாகாலாக்காரி. அவள் நைனா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்தார். பத்தொன்பது வயது, எட்டாவது வரை படித்தவள். நீல நிறத்தில் மூடி போட்ட ஒரு சோப்புப் பெட்டி வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் சோப்புக்குப் பெட்டி கிடையாது, சோப்பே வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தான். குளித்துவிட்டு வந்தால் அவள் மேல் அடிக்கும் வாசனைக்காகவே அவள் மடியில் போய் விழுவேன். எனக்கு இரட்டைச் சடை போட்டுவிடுவாள். தெலுங்குப் பாடத்தில் நான் தடுக்கி விழும் இடமெல்லாம் அவளுக்குத் தெரியும். "ஏமி பாப்பா, இதுகூடத் தெர்லயா?" என்று காதைத் திருகுவாள், வலிக்காது. அம்மாவிடம் எனக்குக் கிடைக்காத செல்லமெல்லாம் அவளிடம் கிடைத்தது. இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கூண்டு இருந்த அறையைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். வேறு அறை கிடையாது. ஒரு பக்கம் கூண்டு, எதிர்ப்பக்கம் கயிற்றுக் கட்டில்.

சங்கராந்தி சமயத்தில் அவள் முழுகாமல் இருப்பது உறுதியானது. எங்கள் வீட்டில் அதற்கு முன் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தக்கவில்லை. நைனா பயந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று கங்கம்மாவுக்கு ஐந்து சேவல் நேர்ந்துகொண்டார். ஊரில் சாமி வந்து ஆடுகிற பூசாரியம்மா ஒருத்தி இருந்தாள். அவள் வந்து ஐந்து சேவலைப் பொறுக்கி, காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுச் சட்டம் சொன்னாள்.

"கயிறு கட்டினதோட இது உங்க கோழி இல்ல, அவளுது. ஜாத்திரை வரைக்கும் இதுங்க மேல புகையிலத் தண்ணி படக் கூடாது. பொகை போடக் கூடாது. இருக்கற எடத்த வுட்டு கூண்ட நகத்தக் கூடாது."

அம்மா தலையாட்டினாள். ஜாத்திரை என்பது கங்கம்மா திருவிழா, சித்திரை முடிகிற சமயத்தில் வரும். அதுவரைக்கும் தை அமாவாசை, மாசி அமாவாசை, பங்குனி அமாவாசை, சித்திரை அமாவாசை என்று நான்கும் கூண்டைத் தொடாமலேயே போயின. எச்சம் அடியில் தட்டையாக இறுகிக்கொண்டே வந்தது. பலகைச் சந்துகளில் உப்பும் மிளகும் கலந்து தூவியது போல ஒரு தூள் படிந்திருந்தது. அது செள்ளுகள் உரித்துப்போட்ட தோலும் கழிவும் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது எனக்கு வெறும் தூசி.

மாசியில் வெதுருகுப்பத்து மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் கோழிகளுக்குத் தடுப்பூசி போட வந்தார். கூண்டுக்குள் கையை விட்டவர் உதறிக்கொண்டே வெளியே எடுத்தார். "இன்னாம்மா இப்பிடி வச்சிருக்கே? கோழி ரத்தமெல்லாம் இதுங்களே குடிச்சிடும்" என்று ஒரு டப்பா பொடியைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைப் பரண் மேல் வைத்தாள்.

"ஜாத்திரை ஆவட்டும்" என்றாள்.

பங்குனி கடைசியில் சின்னம்மாவின் கழுத்திலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. இரண்டு நாளில் கை, முதுகு, தொடை. சொறிந்து சொறிந்து நீர் கோத்துக்கொண்டது. கோடைக்காலம். பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் அம்மை. வேறு என்னவாக இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "அம்மா வந்துருக்கா" என்று பூசாரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மாவும் போட்டுக்கொண்டாள். நானும்.

அம்மை வந்த வீட்டில் என்னென்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் வேப்பிலை. தாளிதம் கிடையாது. மருந்து கிடையாது. படுத்தவளுக்குக் குளியல் கிடையாது. தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் அவள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது, புருஷன் உள்ளே போகக் கூடாது. அத்தனையையும் அம்மா ஒரு குறையும் இல்லாமல் செய்தாள். பொல்லாதவள் இல்லை என் அம்மா. விடியற்காலையில் எழுந்து புது வேப்பிலை ஒடித்து வந்து கட்டிலில் பரப்பினாள். இளநீர் சீவிக் கொடுத்தாள். அறைக் கதவை மூடிவைத்தாள். இருட்டில், குளிக்காத உடம்போடு, செள்ளுக் கூண்டுக்கு எதிரே ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை அவள் தன் கையாலேயே பத்திரமாகப் படுக்க வைத்தாள்.

பதினோரு நாளில் இறங்க வேண்டியது இறங்கவில்லை. தினமும் காலையில் புதிதாகத் தடித்தது. நைனாவும், வந்தால் சின்ன நைனாவும் கோடைக்குக் களத்தில் படுப்பார்கள், நானும் அம்மாவும் கூடத்தில். எங்கள் மேலும் ஒன்றிரண்டு கடி இருந்திருக்கும், யார் அதைப் பார்த்தார்கள். முட்டை எடுக்கப் போகும்போது மட்டும் என் கை முழுக்க ஏறும். அடுப்படிச் சாம்பலைப் பூசித் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

சின்னம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஒரு நாள் காலையில் நான் முட்டையோடு திரும்பும்போது என் கையைப் பிடித்து வெளிச்சம் வரும் பக்கமாகத் திருப்பினாள். கட்டில் கயிற்று முடிச்சு ஒன்றை அவிழ்த்துக் காட்டினாள். அங்கேயும் ஊர்ந்தது.

"பாப்பா, இது அம்மா இல்ல. இதுதான்" என்றாள். "அக்காகிட்ட நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ கூட வந்து சொல்லு."

சரி என்றேன். சத்தியமாகச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா நைனாவிடம் சொன்னாள். நைனா பூசாரியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சாமிக்கு விட்ட சேவலிலிருந்து பூச்சி வந்து கடிக்கிறது என்று ஒரு மருமகள் சொன்னால், அது வெறும் பேச்சா என்ன? மறுநாள் காலை பூசாரியம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். சின்ன நைனாவும் அன்றைக்கு வந்திருந்தார், தூணில் சாய்ந்து நின்றார். சின்னம்மா அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை சிக்குப் பிடித்து, முகம் வீங்கி, வயிறு மட்டும் பெரிதாக.

பூசாரியம்மா கத்தவெல்லாம் இல்லை. நிதானமாகத்தான் பேசினாள். "பூச்சி கீதுன்னா அது சாமிக்கு ஆவாது. சேவலு மட்டும் இல்ல, அந்தக் கூண்டுல கீற மொத்தத்தையும் அறுத்துப் பொதச்சிட்டு, வேற கோழி பாக்கணும். கீதா, இல்லியா? அத்த மொதல்ல சொல்லுங்க."

அந்தக் கூண்டின் கீழ்த்தட்டில் என் வெள்ளைக்கால் பெட்டை பதினோரு முட்டைமேல் அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் ஆறு நாள். தினமும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெர்ல. கோழியெல்லாம் பாப்பாதான பாத்துக்குது" என்றாள் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லு பாப்பா" என்றாள் சின்னம்மா. "உன் கையில ஏறுது இல்ல? நேத்திக்குக் காட்டினேன் இல்ல?"

நான் கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அப்போதும் மணிக்கட்டில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"இல்ல" என்றேன். "ஒண்ணும் ஏறல."

சின்னம்மா என்னைத் திட்டவில்லை. அழவில்லை. சற்று நேரம் பார்த்தாள், பிறகு நிலையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் திட்டியிருந்தால் நான் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். இப்படி எத்தனையோ 'ஒருவேளை' போட்டுப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பூச்சி இல்லை, அம்மையும் இறங்கவில்லை என்றால் கங்கம்மாவுக்கு ஏதோ பிடிக்கவில்லை. சேவலை எதற்காக நேர்ந்துவிட்டீர்கள்? வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காக. அப்படியானால் பிடிக்காதது அந்தப் பிள்ளை. "இந்த வூட்டு ரத்தம்னா அவ ஏன் தள்றா?" என்று பூசாரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தலை தீபாவளிக்குப் பாகாலா போன சின்ன நைனா இரண்டு நாளில் திரும்பிவிட்டார், சின்னம்மா இன்னும் பத்து நாள் தாய் வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். அந்தப் பத்து நாளை இப்போது எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். யாரும் எதையும் நேராகச் சொல்லவில்லை. நம் ஊர்களில் ஒருத்தியை அடித்துத் துரத்தத் தேவையே இல்லை, இப்படிப் பாதியில் நிறுத்தினால் போதும். சின்ன நைனா தூணை விட்டு அசையாமல் நின்றார். "டேய், நீ இன்னா சொல்ற?" என்று நைனா கேட்டதற்கு, "நீ சொல்றதுதான்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவள் நைனா பாகாலாவிலிருந்து வந்து இட்டுக்கொண்டு போனார். உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டும் அவரிடம் சொன்னார்கள். அவள் நீலச் சோப்புப் பெட்டியை எடுக்க மறந்துவிட்டாள். அல்லது எனக்கென்று விட்டுவிட்டுப் போனாளோ தெரியாது. மாட்டு வண்டியில் ஏறும்போது என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு வாரம் இருக்கும். நான் வாசலில் இருந்தபோது அந்தப் பெரியவர், சின்னம்மாவின் நைனா, தெருவில் வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். கையில் துணிப்பை, அதில் மாம்பழம். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் நைனாவைக் கண்டதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்.

"சுத்தமா எறங்கிடுச்சிங்க. நாலே நாளு. ரெண்டு தண்ணி ஊத்தினோம், ஒரு பொட்டு இல்ல. புள்ள நல்லாத் துன்னுது, தூங்குது. நீங்க ஒரு நல்ல நாள் பாத்துச் சொன்னா நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

நைனா அந்த மாம்பழப் பையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இங்க இருந்தா எறங்கல. அங்க வந்ததும் எறங்கிடுச்சி. அவளுக்கு இந்த வூட்ல இருக்க உத்தரவு இல்லன்னுதான அர்த்தம்."

பெரியவருக்குப் புரியவில்லை. சிரித்த முகம் சிரித்தபடியே நின்றது. அவர் நல்ல சேதி கொண்டுவந்தவர், எந்தச் சேதி எங்கள் வீட்டில் எப்படி விளங்கிக்கொள்ளப்படும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா உள்ளே போய்விட்டாள். மாம்பழப் பையை அவர் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பி நடந்ததை நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்த மனிதர் முதுகுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

என் வெள்ளைக்கால் பெட்டை குஞ்சு பொரிக்கவில்லை. முட்டைமேல் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தது. கொண்டை வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துப் போயிருந்தது, தூக்கினால் எடையே இல்லை. அடிவயிற்று இறகை விலக்கினேன். தோல் தெரியாமல் செள்ளு அப்பியிருந்தது. யாருக்கும் காட்டாமல் குப்பைமேட்டில் புதைத்தேன்.

ஜாத்திரை வந்தது. ஐந்து சேவல்களும் போயின. மிச்சமிருந்த பெட்டைகளையும் விருந்தாளிகளுக்கு அறுத்தாயிற்று. கூண்டு காலி.

நாலாவது நாள் காலையில் எழுந்தபோது அம்மாவின் கழுத்தெல்லாம் தடித்திருந்தது. எனக்குத் தொடை, வயிறு. உள்ளே வந்து படுத்த நைனாவுக்கு முதுகு முழுக்க. அச்சு அசல் சின்னம்மாவுக்கு வந்ததேதான். யாரும் "அம்மா வந்துருக்கா" என்று சொல்லவில்லை. யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நைனா அறைக்குள் போனார். கடப்பாரையால் கூண்டின் ஒரு பலகையை நெம்பினார். பலகையின் அடிப்பக்கம் முழுக்க அசைந்தது. குடிக்க ஒன்றும் கிடைக்காமல் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக.

அவர் அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு கூண்டைக் கொல்லைக்கு இழுத்துப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். கட்டிலையும் அதன் மேலேயே போட்டார். வண்டிப் பலகை, நன்றாக நின்று எரிந்தது. அம்மா பரணிலிருந்து கம்பவுண்டர் கொடுத்த டப்பாவை இறக்கி அறை முழுக்கத் தூவினாள். எட்டு நாள் கழித்து மறுபடியும் தூவினாள். சுவர் வெடிப்பையெல்லாம் சாணி போட்டு அடைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். இரண்டு வாரத்தில் வீடு சுத்தமானது. அவ்வளவுதான் வேலை, இரண்டு வாரம்.

நான் காத்துக்கொண்டிருந்தேன், பாகாலாவுக்கு யாராவது கிளம்புவார்கள் என்று. நைனா வேட்டியை மாற்றினால் போதும், இன்றைக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"சின்னம்மா எப்ப வரும்?"

"யாரும் வர்ல. வாய மூடிக்கினு சும்மா இரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "கையி மறையற மாதிரி சட்ட போட்டுக்கினு இஸ்கூலுக்குப் போ. இன்னாதுன்னு யாராச்சும் கேட்டா வேர்க்குருன்னு சொல்லு" என்றாள்.

புரட்டாசி கழிந்து சின்ன நைனாவுக்கு ராமகுப்பம் பக்கத்தில் வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். பாகாலாவில் ஆண் குழந்தை பிறந்தது என்று சேதி வந்தது. வந்த சேதியை யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

தப்பு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. தப்பை எல்லோரும்தான் செய்கிறோம். ஆனால் அந்தப் பலகையை நெம்பிய காலையிலிருந்து அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சோறு தின்றார்கள், பண்டிகை கொண்டாடினார்கள், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். எனக்கும் தெரியும், நானும் தின்றேன். இதுதான் எனக்கு ஆறவில்லை.

ஷெட்டிலிருந்து வந்த வாரம் சின்ன நைனாவைப் பார்க்கப் போனேன். எண்பத்துமூன்று வயது, காது கொஞ்சம் மந்தம். இரண்டாவது சின்னம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளுக்குக் குழந்தை இல்லை. நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார். "உங்க நைனா கொளுத்தினாரே, அந்த வாரமே வந்து பாத்தேன். கரியாக் கெடந்துது. அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் போயி இட்டுக்கினு வர்ல?"

"போயி இன்னான்னு சொல்றது? பூச்சி கடிச்சதுக்கு உன்னத் தொரத்திட்டோம், வா வூட்டுக்குன்னா?" என்றார். "அப்பிடிச் சொல்லியிருந்தா வந்துருப்பா. அதான் எனக்கு இன்னும் உறுத்துது."

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு என்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் திருப்பதியில் காலை ரயில் ஏறிப் பாகாலாவில் இறங்கினேன். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நான்தான் பாப்பா. அன்றைக்கு என் கையில் ஏறியது. அந்த இரண்டு வாக்கியம் போதும். பிறகு அவள் அடித்தாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி. கேட்டுக்குப் பக்கத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். கதவைத் தட்டினேன்.

நைனா செத்துப் பதினெட்டு வருடமாகிறது. அவரே வந்து கதவைத் திறந்தார். அதே அகலமான நெற்றி, ஒரு பக்கம் தூக்கிய புருவம், கதவின் மேல்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற அதே நிற்பு. தலை நரைத்த மனிதர். இந்த வீட்டு ரத்தமா என்று கேட்டார்களே, அவர்கள் ஒருத்தரும் இதைப் பார்க்க இல்லை. நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரும்மா வேணும்?" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. வயதாகித் தடித்திருந்தாலும் தெரிந்துகொண்டேன்.

"யார்ரா அது?"

"தெர்லம்மா, யாரோ பெரியவங்க" என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "எங்கம்மாவப் பாக்க வந்தீங்களா? அவங்களத் தெரியுமா உங்களுக்கு?"

"இல்ல" என்றேன். "தெரு மாறி வந்துட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, வெயிலில் வந்திருக்கிறீர்கள், தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்று உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் நின்றபடியே குடித்தேன். சொம்பைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

முதல் தடவை 'இல்லை' என்று சொன்னபோது எனக்குப் பத்து வயது, ஒரு பெட்டைக்கோழியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இந்தத் தடவை யாரைக் காப்பாற்றினேன்?